பேர் வெட்டிய டீசல் பம்ப்

என் பட்டறைக்கு வந்த வண்டிகளிலேயே ஸ்பேனருக்குக்கூடப் பெயர் இருந்தது ஒரே ஒரு வண்டியில்தான். ஸ்பேனர் மட்டும் என்றால் பரவாயில்லை. ஜாக்கி, டயர் நெம்புகிற லீவர், ரேடியேட்டர் மூடி, சக்கரத்து நிக்கல் தட்டு, டிரைவர் தண்ணீர் குடிக்கிற டம்ளர் என்று எதைத் திருப்பினாலும் அதே மூன்று தமிழ் எழுத்துகள் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்ன பாய், வண்டிக்குப் பச்சை குத்திக் கொண்டாந்துருக்கீக?" என்று டிரைவர் காதர் பாயிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "மெதுவாப் பேசுப்பா. ஆச்சி பின்னாடி ஜட்கால வந்துக்கிட்டு இருக்காக" என்றார்.

சொன்னபடியே வண்டிக்குச் சொந்தக்கார ஆச்சி வந்து இறங்கினார். கண்டாங்கிச் சேலை, கையில் மடக்கிய குடை, ஒல்லியான உடம்பு. உள்ளே வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. கீழே பரப்பியிருந்த சாமான்களைத்தான் பார்த்தார். ஒவ்வொன்றையும் குடை நுனியால் தொட்டு, எழுத்து இருக்கிறதா என்று பார்த்து முடித்த பிறகுதான் முகத்தைத் தூக்கி, "நீதான் மெக்கானிக்கா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. காரைக்குடியில் கோவிலூர் போகிற ரோட்டில் நான் பட்டறை போட்ட புதிது. மூக்குக்கு மேல் கோபம் வருகிற வயசு வேறு.

"நல்லா எண்ணிப் பாத்துக்கங்க ஆச்சி. சாயங்காலம் ஒண்ணு கொறஞ்சா நான் திருடுனேன்னு ஆயிரும்" என்றேன்.

"உன்னைய யாரு சந்தேகப்பட்டா? மனுசன் மேல எனக்குச் சந்தேகமே கெடையாது. சாமான்தான் வழி தப்பிப் போயிரும். பேரு இருந்தா வீடு வந்து சேரும்" என்றார்.

செட்டிநாட்டு வீடுகளுக்கு இது புதிதல்ல. அண்டா, குண்டான், கரண்டி, டம்ளர் எல்லாவற்றிலும் வீட்டுப் பெரியவர்களுடைய பெயர்களின் முதல் எழுத்துகளை வெட்டி வைப்பார்கள். அதற்கு விலாசம் என்று பெயர். ஒரு கல்யாணம் என்றால் பங்காளி வீட்டுப் பாத்திரமெல்லாம் வந்து ஒன்றாகக் கிடக்கும். விலாசம் இல்லாவிட்டால் எது யாருடையது என்று தெரியாமல் அடிதடியே ஆகிவிடும். அதுவரை நியாயம். ஆனால் கார் சாமானுக்கு விலாசம் வெட்டியவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். அந்த மூன்று எழுத்து என்னவென்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது ஒருவர் ஒரு லீவரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நிற்பார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு தடவை காதர் பாய் கோவிலூர்ப் பக்கம் பஞ்சர் பார்த்துவிட்டு ஜாக்கியை ரோட்டோரத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். போனது போனதுதான் என்று நாங்கள் இருவரும் வேறு ஜாக்கிக்கு அலைந்துகொண்டிருந்தோம். கோவிலூர் மடத்துக்கு வந்த ஒரு ஆள் எழுத்தைப் பார்த்து விசாரித்து விசாரித்து ஆச்சி வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு ஆச்சி ஜட்கா பிடித்துப் பட்டறைக்கு வந்தார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்வதற்காக மட்டும். "சிரிச்சியே" என்றார். அவ்வளவுதான், திரும்பிப் போய்விட்டார்.

அந்த வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய மாமனார் நல்ல காலத்தில் வாங்கிய வெளிநாட்டுக் கார் அது. பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்கும். கணவர் மலேயாவிலிருந்து திரும்பி வந்தபோது வியாபாரமும் போயிருந்தது, உடம்பும் போயிருந்தது. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதைத் தவிர அவரால் எதுவும் முடியவில்லை. கார் கொட்டகையில் நின்றது. பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றி டாக்சியாக விடுவது அறுபதுகளில் பரவலாக நடந்த வேலை. ஆச்சி யாரையும் கேட்காமல் அதைச் செய்தார். சொந்தபந்தங்கள் கொதித்துப் போனார்கள். "நம்ம வீட்டுக் காரு வாடகைக்குப் போறதா?" என்று கேட்ட ஒரு பெரியவரிடம், "கொட்டகையில கோழி முட்டை போடுறதுக்கா மாமா இதைக் கப்பல்ல எறக்குனாக?" என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு யாரும் நேரில் பேசவில்லை. பின்னால் பேசியிருப்பார்கள். அவர் பின்னால் பேசுவதைக் காதில் வாங்குகிற ஆள் இல்லை.

அவரைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் அண்டா கதையைத்தான் சொல்வேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு விசேஷத்துக்கு இவரிடம் அண்டா வாங்கினார்கள். அவர்கள் அதை இவரைக் கேட்காமலே அரியக்குடியில் ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே கொதிக்கிற ரசத்தோடு தூக்கும்போது பிடி கழன்று சமையல்காரர் காலில் ஊற்றிவிட்டது. அண்டாவில் இருந்த எழுத்தைப் பார்த்து இவர் வீட்டுக்கு ஆள் வந்தது. நான் அப்போது கிளட்ச் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் காதர் பாயோடு வண்டியில் இருந்தேன். ஆச்சி ஏறி உட்கார்ந்து, "அரியக்குடிக்கு விடு" என்றார். அன்றைக்கு வேறு சவாரி ஒப்புக்கொண்டிருந்தது. அதை விட்டுவிட்டு அந்தச் சமையல்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, காயம் ஆறும்வரை அவர் வீட்டுக்குச் செலவும் கொடுத்தார்.

திரும்பி வரும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "நீங்க குடுத்தது பக்கத்து வீட்டுக்கு. அவுக குடுத்தது அரியக்குடிக்கு. இதுல நீங்க என்ன செஞ்சீக ஆச்சி?"

"அண்டால யாரு பேரு இருக்கு?"

"உங்க பேருதான்."

"பெறகு என்னத்துக்குக் கேக்குற?"

இதுதான் அவர். திருட்டுக்குப் பயந்து பெயர் வெட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வெட்டிய பெயருக்குப் பதில் சொல்கிறவரை ஒருவரைத்தான் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி பம்ப். டீசல் எஞ்சினுக்கு டீசல் பம்ப்தான் உயிர். அதுதான் டீசலை அளந்து அழுத்தி உள்ளே அனுப்பும். பழைய பம்ப் தேய்ந்துவிட்டது, இனி ரிப்பேர் பார்த்துப் பயன் இல்லை, புதிது வாங்க வேண்டும் என்று நான் சொன்னேன். விலை கேட்டு ஆச்சி விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ஒவ்வொரு செலவையும் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. ஆனால் வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும், கல்யாணமும் நடக்கும். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

கடை முதலாளி பம்பை மேசை மேல் வைத்து, "ஆறு மாச கேரண்டி ஆச்சி" என்றார்.

"கேரண்டின்னா?"

"ஆறு மாசத்துக்குள்ள கெட்டுப் போனா கம்பெனி பொறுப்பு. பழசைக் குடுத்துட்டுப் புதுசை வாங்கிக்கலாம்."

"கம்பெனின்னா யாரு? பேரு இருக்குமில்ல?"

பம்பின் வயிற்றில் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருந்தது. அதில் இங்கிலீஷில் கம்பெனி பெயர் இருந்தது. முதலாளி அதைத் திருப்பிக் காட்டினார். ஆச்சி விரலால் தடவிப் பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது. "அவுகளும் பேரு வெட்டித்தான் வச்சிருக்காக. அப்பச் சரி" என்றார்.

பம்பை நேராக என் பட்டறைக்குக் கொண்டுவந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆச்சி வீட்டில் அந்த வாரம் மகளின் கல்யாணச் சாமான்களுக்குப் பெயர் வெட்டுகிறவர் உளியும் சுத்தியலுமாக வளவு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். தூக்குச் சட்டி, பால் செம்பு, அன்னக் கரண்டி என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்த வேலையில் ஆச்சி பம்பையும் நீட்டிவிட்டார். அந்த மனிதருக்கு அது பம்பா பால் செம்பா என்று என்ன தெரியும்? கொடுத்ததில் வெட்டினார். மறுநாள் காலை துண்டில் சுற்றி, சந்தனப் பொட்டு வைத்து, என் கையில் கொடுத்தார் ஆச்சி. கம்பெனித் தகட்டுக்கு நேர் கீழே மூன்று எழுத்தும் பளபளவென்று இருந்தன.

"என்ன ஆச்சி, பம்புக்கும் கல்யாணமா?" என்று சிரித்தேன்.

"சிரிக்காம மாட்டு."

மாட்டினேன். வண்டி நன்றாக ஓடியது. காதர் பாய், இருபது வயசு குறைந்த மாதிரி இருக்கிறது என்றார். வண்டிக்கா, அவருக்கா என்று நான் கேட்டேன். அந்தச் சந்தோஷம் இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. சிவகங்கைக்குச் சவாரி போன வண்டி ஒக்கூர் தாண்டி வெள்ளைப் புகையாகக் கக்கி, இழுக்க மாட்டாமல் நின்றுவிட்டது. ஏறி வந்தவர்கள் காதர் பாயைக் கண்டபடி பேசிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்கள். ஒரு லாரிக்காரர் தயவில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து என் பட்டறை முன்னால் விட்டார்கள். டீசல் குழாயில் அடைத்த காற்றை எடுத்துப் பார்த்தேன், ஃபில்டர் மாற்றினேன், பைப்பையெல்லாம் ஊதிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கோளாறு பம்புக்குள்ளே. அதைப் பிரிக்கலாம் என்றால் கம்பெனி வைத்த ஈய சீல் முத்திரையை உடைக்க வேண்டும். உடைத்தால் கேரண்டி போய்விடும். எனவே பம்பைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனோம்.

கல்யாணத்துக்கு அதிக நாள் இல்லை. முகூர்த்த மாதம் வேறு. டாக்சிக்கு நாலு காசு வருவதே அந்த மாதத்தில்தான். புதிய பம்ப் இல்லாவிட்டால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் கல்யாணச் செலவுக்கு யாரிடமாவது போய் நிற்க வேண்டும். அப்படி நிற்காமல் இருப்பதற்காகத்தானே அவர் அந்தக் காரை வாடகைக்கே விட்டார்! ஆனால் கடைக்கு வரும்போது ஆச்சி கொஞ்சமும் கலங்கவில்லை. அதற்குத்தான் கேரண்டி இருக்கிறதே என்ற நம்பிக்கை.

கடை முதலாளி பம்பைத் திருப்பிப் பார்த்தார். எழுத்தைக் கண்டதும் தலையில் கை வைத்தார். "ஆச்சி, என்ன காரியம் செஞ்சிருக்கீக! உளி வச்சு அடிச்ச சாமானைக் கம்பெனிக்காரன் தொடுவானா?" என்றார். கெட்டவர் இல்லை அவர். உடனே குரலைத் தாழ்த்தி வழியும் சொன்னார். "கம்பெனி ஆளு மதுரையிலேருந்து மத்தியானந்தான் வாராரு. அதுக்குள்ள அரத்தை வச்சு நாலு இழுப்பு இழுத்து, மேல பெயின்ட்டைத் தடவிட்டா ஒண்ணும் தெரியாது. தம்பி, பட்டறையில அரம் இருக்குல்ல?"

என் பையிலேயே இருந்தது. எடுத்தும்விட்டேன். எனக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை. எழுத்து இருப்பது வெளியே, கோளாறு உள்ளே. பம்பைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு அரத்தை வைத்தேன். ஒரு இழுப்புகூட இழுக்கவில்லை. குடைக்காம்பு என் மணிக்கட்டில் வந்து விழுந்தது.

"வேணாம்" என்றார் ஆச்சி. அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை.

"நான் பொறந்த எங்க அப்பச்சி வீடு நொடிச்சுப்போனப்ப சாமான் வாங்க ஒருத்தன் வந்தான். பேரோட இருந்தா யாரும் வாங்க மாட்டாகன்னு வளவுல உக்காந்து ஒவ்வொரு பாத்திரத்துலயும் பேரை அரத்தால தேச்சான். காலையிலேருந்து பொழுது சாயிற வரைக்கும் தேச்சான். எங்க ஆத்தா அடுப்படியில காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தாக. என்னையக் கட்டிக்குடுத்த புதுசு, அன்னைக்கு அங்கதான் இருந்தேன். அந்தச் சத்தம் இன்னும் எங் காதுல கெடக்கு. எம் பேரை நானே தேய்க்கச் சொல்லுவனா? பம்பை அப்படியே வையி. வாரவரு பாக்கட்டும்."

கடை முதலாளி என்னைப் பார்த்தார். நான் அரத்தைப் பைக்குள் போட்டேன். பாழாய்ப்போன பிடிவாதம் என்று மனதுக்குள் வைதேன். கல்யாணம் நெருங்கிக்கொண்டிருக்கிறது, நாலு இழுப்பில் முடிகிற காரியம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை வாய்விட்டுச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மத்தியானம் கம்பெனி ஆள் வந்தார். மரியாதையான இளைஞர். சொந்த அம்மாவிடம் பேசுவது போலத்தான் ஆச்சியிடம் பேசினார். சீல் உடையவில்லை என்று பார்த்துத் தலையை ஆட்டினார். பழந்துணியால் பம்பைத் துடைத்தார். கை நின்றது.

"இது என்னம்மா எழுத்து? உளி வச்சு அடிச்சிருக்காங்களே. உள்ள எல்லாம் மயிரிழை கணக்குல பொருத்தியிருக்கும். வெளியில அடி விழுந்தா உள்ள என்ன ஆகும்னு சொல்லவே முடியாது. வெட்டு, அடி இருந்தா கேரண்டி கிடையாதுன்னு கார்டுலயே இருக்கு."

அந்த அடியால்தான் பம்ப் கெட்டதா, கெட வேண்டிய பம்ப் தானாகவே கெட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. அடி பட்டிருக்கிறது என்பது மட்டும்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

அப்போதுதான் கடை முதலாளி ஒரு கேள்வியைக் கேட்டார். ஆச்சிக்கு உதவுவதாக நினைத்துத்தான் கேட்டிருப்பார். "அது சரி, வெட்டு இருந்த சாமானை மெக்கானிக்கு எப்படி மாட்டலாம்? அவுக பொம்பளை ஆளு, தெரியாமச் செஞ்சுட்டாக. தொழில் தெரிஞ்சவன் வேணாம்னு சொல்லியிருக்கணும்ல? நஷ்டத்தை அவன்ல ஏத்துக்கணும்?"

கம்பெனி ஆளும் யோசித்துவிட்டு, "அது நியாயம்தான். ஃபிட்டிங் பண்ணினவர் பார்த்திருக்கணும்" என்றார்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். வாசலில் நின்ற இரண்டு லாரிக்காரர்களும் பார்த்தார்கள். ஒரு பம்பின் விலையை நான் கொடுப்பதென்றால் பட்டறையையே விற்க வேண்டும். அதைவிட, அந்த லாரிக்காரர்கள் மூலம் 'அவன் மாட்டினால் நிற்காது' என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், என் பிழைப்பு முடிந்தது.

"அவன் மாட்ட மாட்டேன்னுதான் சொன்னான்" என்றார் ஆச்சி.

நான் திடுக்கிட்டுத் திரும்பினேன்.

"வேணாம் ஆச்சி, வேற வாங்குங்கன்னு சொன்னான். நாந்தான் அதட்டி மாட்டச் சொன்னேன். அவனை இழுக்காதீக." பிறகு கம்பெனி ஆள் பக்கம் திரும்பி, "இந்தா பாருங்க தம்பி. இதுல ரெண்டு பேரு இருக்கு. மேல உங்களுது, கீழ எங்களுது. எங்க பேருக்கு நான் பதில் சொல்லிட்டேன். உங்க பேருக்கு நீங்கதான் சொல்லணும். சொல்ல முடியலையா, பரவால்ல. காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.

கம்பெனி ஆளுக்கு முகம் சுண்டிவிட்டது. பாவம், அவர் கையில் எதுவும் இல்லை. "நான் மேலே எழுதிப் பாக்குறேம்மா" என்றார். எழுதியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். பதில் வந்ததாக எனக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் கேட்டேன். "நான் எப்ப ஆச்சி மாட்ட மாட்டேன்னு சொன்னேன்?"

"சிரிச்சீல்ல? அதைத்தான் சொன்னேன்."

"சிரிச்சா மாட்ட மாட்டேன்னு அர்த்தமா?"

"எனக்கு அப்படித்தான் பட்டுச்சு. போ, போய் வேலையைப் பாரு."

அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதையும் ஒழுங்காக ஒத்துக்கொள்ளவில்லை.

புதிய பம்புக்கு அவருடைய தங்கக் காப்பு போனது. மகளுக்குப் போடுவதற்காக வைத்திருந்த காப்பு அது. பாத்திரங்களில் ஒன்றிரண்டை விற்றிருக்கலாமே, அவ்வளவு வெண்கலம் கிடக்கிறதே என்று காதர் பாய் கேட்டிருக்கிறார். "காப்புல பேரு இல்லைல்ல, அதான் அது போச்சு" என்றாராம் ஆச்சி. பம்ப் வந்தது. முகூர்த்த நாள்களில் வண்டி ஓயாமல் ஓடியது. மகளின் கல்யாணத்தில் மாப்பிள்ளையை அழைத்து வந்ததும் அதே வண்டிதான். நான் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். என் டம்ளரைத் திருப்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இரண்டாவது பம்பிலும் பெயர் வைக்காமல் விடுவாரா? ஆனால் உளி வைக்கவில்லை, அந்த மட்டுக்குச் சூடு பட்டிருந்தார். ஒரு பித்தளைத் தகட்டில் எழுத்தை வெட்டிக் கம்பி போட்டு பம்பில் கட்டச் சொல்லிக் கொண்டுவந்தார். வாங்கிப் பார்த்தேன். மூன்று எழுத்துக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. என் பெயர்.

"இது எதுக்கு ஆச்சி?"

"எம் பேரு மட்டும் இருந்ததுனாலதான அன்னைக்கு ஆளாளுக்கு உம் மேல பாஞ்சாக? வாங்குனது யாரு, மாட்டுனது யாரு, ரெண்டும் தெரியட்டும்."

எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. என் பெயரைப் பட்டறைப் பலகையைத் தவிர வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தத் தகடு என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. டாக்சி போகிற ஊர்களிலெல்லாம் பானெட்டைத் திறந்தவர்கள் பெயரைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்தார்கள். வந்தவர்கள் தங்கள் வண்டியிலும் தகடு கட்டு என்றார்கள். கட்டினேன். நான் மாட்டிய சாமான் சீக்கிரம் கெட்டுப்போனால் தகட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். கடைக்காரனைக் கேள், கம்பெனியைக் கேள் என்று எவ்வளவோ சொல்லலாம். தகட்டில் இருப்பது என் பெயராயிற்றே! கூலி வாங்காமல் மறுபடி கழற்றி மாட்டித்தான் அனுப்பினேன். அப்போதெல்லாம் ஆச்சியை நன்றாக வைவேன். ஆனால் பட்டறை வளர்ந்தது அந்தத் தகட்டால்தான், அதை நான் மறைக்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் அவர் கணவர் காலமானார். மகள் சென்னையில் இருந்தார். அங்கேயே போய் இருப்பது என்று முடிவாகி, காரை விற்றார். புதுக்கோட்டைக்காரர் ஒருவர் வாங்கினார். எழுத்தையெல்லாம் எடுத்துவிட்டுத் தாருங்கள் என்று அவர் கேட்டதற்கு, "பேரோட வாங்குறதா இருந்தா வாங்குங்க, அது ஒண்ணும் திருட்டு வண்டி இல்ல" என்று சொல்லிவிட்டதாகக் காதர் பாய் சொன்னார். வண்டியைப் புதுக்கோட்டையில் கொண்டுபோய் விடுகிற அன்று காலை என் பட்டறைக்கு வந்தார்கள். ஆச்சியும் உள்ளே உட்கார்ந்திருந்தார். அந்தக் காரில் அவர் ஏறி நான் பார்த்தது அரியக்குடி போன அன்றும் இந்தக் காலையிலும்தான்.

"அந்தத் தகட்டைக் கழட்டு" என்றார்.

கழற்றிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. "உம் பேரை மட்டும் தேச்சு எடுத்துரு" என்றார்.

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "ஏன் ஆச்சி, எம் மேல எதுவும் கோவமா?"

"கோவம் என்னத்துக்கு? இம்புட்டு நாளு காதரு ஓட்டுனாரு, நீ பாத்துக்கிட்ட. இனிமே இதை எவன் ஓட்டுவான், எவன் கைய வைப்பான், யாருக்குத் தெரியும்? நாளைக்கு நடுரோட்ல நின்னுச்சுன்னா தகட்டைப் பாத்துட்டு உன்னையத்தான் வைவான். நீ தொழில் செஞ்சு பொழைக்கிறவன். தேச்சுரு."

"அப்ப உங்க பேரு?"

"அது கெடக்கட்டும்."

"நீங்கதான் இங்குட்டு இருக்கவே போறதில்லையே ஆச்சி. இனிமே அது உங்க வண்டியும் இல்ல."

"வையிறதுக்கு ஒரு பேரு வேணாமா?" என்றார்.

அன்றைக்குக் கடையில் என் மணிக்கட்டில் விழுந்த குடைக்காம்பு அவர் கையிலேயே இருந்தது. தகட்டைக் கொண்டுபோய் வைஸ் இடுக்கியில் பிடித்து, அரத்தை எடுத்தேன். வைக்கப் போகும்போதுதான் அவர் காதில் கிடப்பதாகச் சொன்ன அந்த அரத்துச் சத்தம் நினைவுக்கு வந்தது. ஆச்சி வண்டியிலிருந்து இறங்கி ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். அவர் அப்படித் திரும்பி நின்று எதையும் செய்யச் சொன்னதில்லை.

"பாய், எஞ்சினைக் கொஞ்சம் ஓட்டி விடுங்க" என்றேன்.

காதர் பாய் என்னைப் பார்த்தார், ஆச்சியைப் பார்த்தார். பிறகு ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை நன்றாகவே மிதித்தார். டீசல் எஞ்சின் சத்தத்தில் பட்டறைத் தகரமெல்லாம் அதிர்ந்தது.

ஆச்சி ரோட்டைப் பார்த்தபடியே கத்தினார். "இப்ப என்னத்துக்கு ஓட விடுறீக? அடுத்தவுக டீசல் வீணாப் போகுதுல்ல?"

"போகட்டும் ஆச்சி" என்று நானும் கத்திச் சொல்லிவிட்டு, என் பெயரின் மேல் அரத்தை வைத்தேன்.